ஒரு வருடம் திறந்திருந்த சாலை

ஹெப்ரோனுக்கு மேற்கே தூரா என்ற மலையூரில் ஜவ்தத் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டார், பள்ளிப் பிள்ளைகள், ஹஜ் போகிறவர்கள் என்று யார் ஏறினாலும் ஓட்டுவான். கட்சி, கூட்டம் என்று எதிலும் தலையைக் கொடுக்க மாட்டான். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. "இவன் ஸ்டியரிங்கைத்தான் கட்டிக்குவான் போல," என்று அவன் அப்பா ஹில்மி திராட்சைத் தோட்டத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம்தான் சாலை திறந்தது. காஸாவும் மேற்குக்கரையும் ஒரே நிலம் என்று தலைவர்கள் கையெழுத்துப் போட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இஸ்ரேல் இருந்தது. போய்வர வழி கொடுத்தால்தான் அது சமாதானம் என்றார்கள் இவர்கள். அந்த வழியில் குண்டோடு ஒருவன் வந்தால் யார் பொறுப்பு என்றார்கள் அவர்கள். யார் சோதிப்பது, யார் பயண அட்டை கொடுப்பது என்று பேச்சு இழுத்துக்கொண்டே போய், தொண்ணூற்றொன்பதின் கடைசியில்தான் தர்கூமியா சாவடியிலிருந்து காஸாவின் எரெஸ் வாசல் வரை ஒரு வழி பிறந்தது. இஸ்ரேலுக்குள் நுழைய அனுமதி கிடைக்காதவர்களுக்குத் தனிப் பேருந்து. கூடவே காவல் வண்டி வரும். வழியில் நிற்கக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. அந்தப் பேருந்துக்கு ஜவ்தத்தைப் போட்டார்கள்.

காவல் வண்டியில் வருகிறவன் எஸ்ரா. பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பம். வீட்டில் பேசிய அரபு அவன் வாயில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் கைவிட்டுத் துழாவுவான். ஒருநாள் ஜவ்தத் பொறுமையிழந்து கேட்டுவிட்டான்.

"போன தடவையும் பாத்தீங்க. அன்னைக்கு இல்லாதது இன்னைக்கு முளைச்சிடுமா?"

எஸ்ரா நிமிரவில்லை. "என் அக்கா மக எருசலேம்ல பஸ்ல போனா, குண்டு வெடிச்சுது, திரும்பி வரலை. அந்த பஸ்ஸையும் முந்தின நாள் யாரோ பாத்துத்தான் இருப்பாங்க."

ஜவ்தத் அடுத்த பயணத்திலிருந்து எஸ்ரா வருவதற்குள் இருக்கைகளைத் தானே தூக்கி வைத்துவிடுவான்.

வசந்தகாலத்தில் ஒரு மதியம், காஸாவிலிருந்து திரும்பும்போது, கிர்யத் காத் பக்கத்தில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. காவல் வண்டி சீறிக்கொண்டு முன்னால் வந்து மறித்தது. எஸ்ரா கையைத் துப்பாக்கி மேல் வைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏன்டா நிறுத்தினே?"

"நான் எங்க நிறுத்தினேன்? வண்டியே நின்னுடுச்சு!"

உள்ளே பிள்ளைகள்கூட மூச்சுக்காட்டவில்லை. அப்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "டிரைவரண்ணே, என்கிட்ட தண்ணி இருக்கு. நான் குடிக்கிறதுக்கு வச்சிருந்தேன். உங்க வண்டிக்குத்தான் தாகம் அதிகம் போல."

யாரோ சிரித்தார்கள். அவள் ஜன்னல் வழியாக பாட்டிலை நீட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்றாக நீட்டினார்கள். எஸ்ரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் வண்டியிலிருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து கொடுத்தான்.

அவள் பெயர் விஜ்தான். காஸாவில் தெய்ர் அல்பலாக்காரி. அடிபட்டவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற வேலை. அதில் மேற்படிப்புக்காக பெத்லகேம் மருத்துவமனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். அதன்பிறகு எப்போது ஏறினாலும் அதே இருக்கையைப் பிடித்துக்கொள்வாள். ஊர்ப் பேரீச்சம்பழத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள். ஜவ்தத் தன் வீட்டுத் திராட்சைப்பாகை ஜாடியில் கொண்டுவருவான். கோடை பிறந்தபோது ஒருநாள் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இனிமே என்னை அண்ணேன்னு கூப்பிடாதீங்க."

"ஏன், தம்பின்னு கூப்பிடவா?"

"எதுவும் வேண்டாம். உங்க வீட்டுக்கு எங்கப்பாவைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அப்போ அந்த வார்த்தை குறுக்க நிக்கும்."

விஜ்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் சிரிப்பது தெரிந்தது.

ஹில்மி அந்தப் பேருந்திலேயே ஏறிப் போய்ப் பெண் கேட்டார். இரு குடும்பமும் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்தது. ஒலிவ அறுவடை முடிந்ததும் கல்யாணம். செய்தி எஸ்ராவுக்கும் எட்டியது. "மாப்ளே, இன்னைக்குப் பயணிகளுக்காகப் போறியா, பொண்ணுக்காகப் போறியா? சொல்லிட்டா நான் பின்னாடி மெதுவா வருவேன்," என்று சாவடியில் எல்லார் முன்னாலும் கேட்டு அவனை நெளியவைத்தான்.

அந்தக் கோடையில் தலைவர்கள் அமெரிக்காவில் கூடிப் பேசி, ஒன்றும் கூடாமல் திரும்பினார்கள். இலையுதிர்காலம் தொடங்கும்போது தெருவெல்லாம் கல்லும் தோட்டாவுமாகப் பற்றிக்கொண்டது. ஒலிவக்காய் கருக்கும் முன் சாலையை மூடிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம், தற்காலிகம் என்றார்கள். ஜவ்தத் பேருந்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். அடுத்த வாரம் திறப்பார்கள், ரமலானுக்குத் திறப்பார்கள், பேச்சு மறுபடி தொடங்கியதும் திறப்பார்கள் என்று அந்தக் குளிர்காலம் போய்விட்டது.

ஃபோனிலேயே சாட்சிகள் வைத்து நிக்காஹ் ஒப்பந்தத்தை முடித்தார்கள். சட்டப்படி கணவன் மனைவி ஆகிவிட்டால் விடுவார்கள் என்று நம்பினார்கள். விஜ்தான் ரஃபா எல்லை வழியாக எகிப்து போய், அங்கிருந்து ஜோர்டான் போய், மேற்குக்கரைக்கு வரும் ஆற்றுப் பாலம் வரை வந்துவிட்டாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜவ்தத் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எரிகோவில் காத்திருந்தான். அவளுடைய அடையாள அட்டையில் காஸா முகவரி இருந்ததால் பாலத்திலிருந்த இஸ்ரேல் காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க நிக்கிற பக்கத்து மலை எனக்குத் தெரியுதுங்க," என்றாள் ஃபோனில்.

அதன்பிறகு அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் ஃபோனில்தான். அவள் சமைக்கும்போது அவன் இங்கே பேருந்தில் உட்கார்ந்து வெங்காயம் வதங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். சண்டை போட்டால் இரண்டு நாள் பேச மாட்டாள், மூன்றாம் நாள் எதுவும் நடக்காத மாதிரி, "சாப்டீங்களா?" என்பாள். முகத்தைவிட, பின் இருக்கையிலிருந்து பேச ஆரம்பிக்கும் முன் அவள் இருமும் ஒரு சின்ன இருமல்தான் அவனுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. காலி வண்டியை ஓட்டும்போது தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பான்.

இரண்டாயிரத்தைந்தில் புதிதாக ஓர் ஒப்பந்தம் வந்தது. டிசம்பர் நடுவில் காஸாவுக்குப் பேருந்துகள் காவலோடு மறுபடி ஓடும் என்றார்கள். ஜவ்தத் டயரெல்லாம் மாற்றினான். விஜ்தான் பெட்டி கட்டிவிட்டாள். தேதி நெருங்கிய வேளையில் நெத்தன்யாவில் ஒரு கடைவளாகத்தின் வாசலில் ஒருவன் தன்னை வெடித்துக்கொண்டான். ஐந்து பேர் செத்தார்கள். டீவியில் வாசல்படியில் கிடந்த கண்ணாடித் தூளையும் ஒரு பெண்ணின் கைப்பையையும் பார்த்துக்கொண்டே நின்ற ஜவ்தத்துக்குக் கோபம் யார்மேல் வருகிறதென்றே தெரியவில்லை. எஸ்ராவின் எண்ணைத் தேடி எடுத்தான்.

"பஸ் ஓடுமா, எஸ்ரா?"

"இன்னைக்கு எவன் சரின்னு கையெழுத்துப் போடுவான், சொல்லு? உனக்கு ஓடணும்னுதான் எனக்கும் ஆசை, மாப்ளே. ஆனா அக்கா டீவி முன்னாடி உக்காந்து அழுதுட்டு இருக்கா."

"அக்காவைப் பாத்துக்குங்க," என்று சொல்லி ஃபோனை வைத்தான். பேருந்துகள் ஓடவில்லை.

பிறகு காஸா வேறு கட்சியின் கைக்குப் போனது. வாசல் இன்னும் இறுகியது. பேச்சுவார்த்தைகள் நடந்தன, நின்றன. கடைசியில் ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. மேற்குக்கரைக்காரர் காஸாவுக்குக் குடிபோகலாம். ஆனால் இனி திரும்பி வரமாட்டேன் என்று இஸ்ரேலிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜவ்தத் அதை அப்பாவிடம் சொல்ல முடியாமல் ஒரு மாதம் விழுங்கிக்கொண்டு திரிந்தான். ஹில்மியே ஒருநாள் திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"எழுதிக் குடுத்தா விடுறாங்களாமே?"

"உங்களை விட்டுட்டு எப்படிப்பா..."

"டேய், நீ இங்க எங்கடா இருக்கே? ஒன்பது வருஷமா அந்த ஃபோனுக்குள்ளதான் இருக்கே. போ. அவளும் ஒரு வீட்டுப் பொண்ணு, எத்தனை நாள்தான் காத்துக்கிட்டு இருப்பா?"

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி இலை கிள்ள ஆரம்பித்தார். எதைக் கிள்ளுகிறோம் என்று பாராமல் பிஞ்சுக் குலைகளையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

எரெஸில் கம்பி வேலி போட்ட நீண்ட நடைபாதையில் ஜவ்தத் ஒரு பெட்டியோடு நடந்து போனான். மறுமுனையில் விஜ்தான் நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். இத்தனை வருடப் பேச்சில் அதை அவள் சொல்லவேயில்லை. ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் கழற்றி வைத்திருக்கிறாள்.

"இது எப்போலேர்ந்து?"

"நாலு வருஷமா. சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்," என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதாள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பிடிப்பது என்று தெரியாதவன் போல அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

தெய்ர் அல்பலாவில் அவனுக்குப் பள்ளி வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. ஒரு மகள் பிறந்தாள். கடலும் மீனும் பழகிவிட்டன. திராட்சைதான் பழகவில்லை, கடையில் வாங்குவான், இரண்டு கடித்துவிட்டு வைத்துவிடுவான். தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஹில்மியிடம் பேசுவான். பேத்தியின் குரலைக் கேட்பதற்காகவே அவர் குழந்தையைக் கிள்ளச் சொல்வார். "அழட்டுமேடா, எனக்குக் கேக்குதில்ல."

மகள் நடக்கப் பழகிய வருடம் ஹில்மி படுத்துவிட்டார். ஜவ்தத் அனுமதி கேட்டான். எழுதிக் கொடுத்ததைக் காட்டி மறுத்துவிட்டார்கள். எஸ்ரா ஓய்வு பெற்றிருந்தும் தெரிந்தவர்களிடமெல்லாம் பேசிப்பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. ஹில்மி இறந்ததும் ஜனாஸா தொழுகையைத் தூராவிலிருந்து ஃபோனில் கேட்கவைத்தார்கள். மண் விழும் சத்தம் கேட்டபோது ஜவ்தத் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவன் வாசலில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். தெருக்காரர்கள், வேனில் வரும் பிள்ளைகளின் தகப்பன்மார், மீன்காரர் அபூ ராகிப் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். கசப்புக் காபி சுற்றிவந்தது. அவர்களில் ஒருவர்கூட ஹில்மியைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அபூ ராகிப் கேட்டார். "உங்கப்பா எப்படிப்பட்ட ஆளு, தம்பி? எங்களுக்குச் சொல்லேன்."

ஜவ்தத் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவருகே விஜ்தான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சத்தமாச் சிரிப்பாரு," என்று தொடங்கினான் ஜவ்தத். "மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்."