ஒத்தை சாக்ஸும் பத்து பந்தும்

எங்க வீட்டுக்காரருக்கு வேலை செய்யற எடத்துல பேரு 'கூண்டு'. அந்த எடம் கோல்ஃப் அடிச்சுப் பழகற மைதானம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்க வரிசையா நின்னு அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அடிச்ச பந்தெல்லாம் புல்லுல எறைஞ்சு கெடக்கும். அதை அள்ளிக்கிட்டு வர்ற வண்டியை ஓட்டறது இவரு. வண்டியைச் சுத்திக் கம்பி வலை, உள்ள இவரு. அதனால கூண்டு. பன்னெண்டு வருஷமா அந்தப் பேருதான். கல்யாணப் பத்திரிகையில கூட 'திரு. கூண்டு குடும்பத்தார்'னு எழுதிக் குடுக்கறாங்க, படுபாவிங்க.

ஆனா இவருக்கு வலைக்கு வெளிய நின்னு சொல்லிக் குடுக்கற ஆளா ஆகணும்னு ஆசை. ஆசைன்னா கம்மி, வெறி. அந்த மைதானத்துல ஒரு ஏற்பாடு உண்டு. வேலை செய்யறவங்க யாரு வேணா வருஷத்துக்கு ஒரு தடவை உதவி கோச் வேலைக்குப் பரீட்சை குடுக்கலாம். பத்து பந்து. தூரத்துல ரெண்டு சிவப்புக் கொடி. எட்டு பந்தாவது கொடிகளுக்கு நடுவுல விழணும். நாப்பத்தஞ்சு வயசு தாண்டினா வாய்ப்பு கெடையாது. இவரு ரெண்டு வருஷம் போயி ரெண்டு வருஷமும் ஊத்திக்கிச்சு. ஒரு தடவை மூணு, ஒரு தடவை நாலு. இந்த வருஷத்தோட வயசு முடியுது. வலது காது வேற மந்தமாயிட்டே வருது. "இரைச்சல்ல வேலை பாக்கறீங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு. "இல்ல சார், புல்வெளியில"ன்னாரு இவரு. பக்கத்துல உக்காந்து நானும் தலையாட்டினேன்.

பந்து இல்லாம இவரு மட்டையை வீசறதைப் பாக்கணுமே! இடுப்பு திரும்பற அழகு என்ன, கை எறங்கற அழகு என்ன, படம் புடிச்சு செவுத்துல மாட்டலாம். பந்தை வெச்சா போச்சு. ஒண்ணு தரையோட உருண்டு ஓடும். ஒண்ணு வலது பக்கமா காக்கா தொரத்தப் போகும். எப்பவாவது ஒண்ணு நேராப் போகும், அதைப் பத்தி ஒரு வாரம் பேசுவாரு. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. பிடியைத் தளர்த்து, முழங்காலை மடக்கு, மூச்சை இழுத்து விடு. மனுஷன் எல்லாத்தையும் செஞ்சாரு. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி பல் தேய்க்கற பிரஷ்ஷைப் புடிச்சு வீசிப் பழகி ரெண்டு சோப்பு டப்பாவை உடைச்சதுதான் மிச்சம்.

காலேஜ்ல படிக்கற எங்க பொண்ணுதான் ஒரு ஞாயித்துக்கெழமை அவரு அடிக்கறதை ஃபோன்ல புடிச்சு, மெதுவா ஓட்டிக் காட்டினா.

"அம்மா, இங்க பாரேன். மட்டை பந்துல படறதுக்கு முன்னாடியே அப்பா கண்ணை மூடிக்கிறாரு."

பாத்தேன். கண்ணு மட்டுமா? தலை தோளுக்குள்ள போயிடுது, ஆமை மாதிரி. எனக்கு வந்துச்சே கோவம்!

"என்னங்க, நீங்க அடிக்கற பந்து உங்களை விட்டுத் தூரமாத்தானே போகுது? அதுக்கு எதுக்குங்க பயம்?"

"நான் எங்கடி மூடறேன்? அம்மாவும் பொண்ணுமா சேர்ந்து கதை கட்டாதீங்க." அவருக்கே தெரியல, பாவம்.

மறுநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டாரு. எனக்கு அன்னிக்கு லீவு, எடுத்துக்கிட்டுப் போனேன். "வா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்"ன்னாரு, என்னமோ புதுக் கார் வாங்கின மாதிரி. ஏறினேன். வண்டி மைதானத்துல எறங்கினா போதும், அடிக்கறவங்க அத்தனை பேரும் அதைத்தான் குறி வைப்பாங்களாம். அது அங்க ஒரு வெளையாட்டு. டங்! தலைக்குப் பக்கத்துல. டங், டங்! தகர டிரம்முக்குள்ள நம்மளை உக்கார வெச்சு வெளியிலேர்ந்து கல்லெறிஞ்சா எப்படி இருக்கும், அப்படி. மூணாவது அடிக்கே நான் குனிஞ்சுட்டேன். திரும்பிப் பாத்தா, அவரு சிரிச்சுப் பேசிக்கிட்டே ஓட்டறாரு. ஆனா தூரத்துல ஒரு மட்டை சுத்தினாப் போதும், இவரு கண்ணு மூடுது, தோள் ஏறுது. அப்புறம்தான் 'டங்' வருது.

'உங்களுக்கென்ன, பச்சைப் புல்லுல ஜாலியா சுத்திட்டு வர்றீங்க'ன்னு பன்னெண்டு வருஷமாப் பேசின வாய் இது. வண்டியை விட்டு எறங்கினதும் அழுதுட்டேன். மனுஷன் பதறிட்டாரு.

"எங்கயாவது அடிபட்டுதா?"

"எனக்கு இல்லைங்க"ன்னேன். அவருக்குப் புரியல.

நான் வேலை பாக்கறது ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவுல. தங்க வர்றவங்க விட்டுட்டுப் போற ஒத்தை சாக்ஸ் அங்க மூட்டையாக் கெடக்கும். ஒத்தை சாக்ஸைத் தேடிக்கிட்டு யாரு திரும்பி வரப் போறாங்க? மேலாளர்கிட்ட சொல்லிட்டு ஒரு மூட்டையைத் தூக்கிட்டு வந்தேன். ஒவ்வொண்ணையும் பந்தாச் சுருட்டித் தையல் போட்டேன்.

"இதை அடிங்க."

"என்னடி, வெளையாடறியா?"

"இதுல சத்தம் வராது. மட்டை சுத்தினா சத்தம் வராதுன்னு உங்க உடம்புக்கு மொதல்ல தெரியட்டும்."

ஹால்ல இந்தக் கோடியில அவரு, அந்தக் கோடியில வாளியோட நான். நாளைக்கு நூறு சாக்ஸ். கண்ணு மூடினா "கண்ணு!"ன்னு கத்தறது என் வேலை. பூப்போட்ட சாக்ஸ் ஒண்ணு ஃபேன்ல மாட்டிக்கிட்டு மூணு நாள் எங்களோடவே சுத்துச்சு. ரெண்டு வாரத்துல நான் கத்தறது நின்னுது. மூணாவது வாரம் மைதானத்துல நெஜப் பந்து. சாக்ஸை ஒரு தடவை அடிச்சுட்டு உடனே பந்தை அடிச்சா நேராப் போகுது. ரெண்டு பந்தைத் தொடர்ந்து அடிச்சா பழைய கூண்டு திரும்பி வந்துடறாரு.

பரீட்சை அன்னிக்கு நானும் போய் பெஞ்சுல உக்காந்தேன். தலைமை கோச் ஒரு அம்மா. சிரிச்சா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடும்னு நெனைப்பு போல. இவரு பேன்ட் பாக்கெட் ரெண்டும் உப்பியிருக்கு, உள்ள சாக்ஸ். ஆனா அத்தனை பேரு முன்னாடி எடுக்க வெக்கம். மொதல் பந்து தரையோட உருண்டுச்சு. ரெண்டாவது வலது கொடிக்கு வெளிய விழுந்துச்சு. அவ்ளோதான். இனிமே எட்டும் விழுந்தாகணும். நான் பெஞ்சை விட்டு எழுந்துட்டேன்.

"என்னங்க! வெக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு எடுங்க!"ன்னு கத்தியே கத்திட்டேன்.

எடுத்தாரு. மொத்தக் கூட்டமும் சிரிச்சுது.

"என்ன அது?"ன்னாங்க கோச் அம்மா.

"சாக்ஸ், மேடம். ஒத்திகைக்கு."

"ஒத்திகைக்கு எதை வேணா அடிங்க. பந்துக்குத்தான் மார்க்."

ஒரு சாக்ஸ், ஒரு பந்து. விழுந்துச்சு. ஒரு சாக்ஸ், ஒரு பந்து. விழுந்துச்சு. ஆறாவது பந்துல சிரிப்பு அடங்கிப் போச்சு. எட்டாவதுல பக்கத்துல அடிச்சுக்கிட்டு இருந்தவங்களும் மட்டையைக் கீழ வெச்சுட்டு வந்து நின்னாங்க. ஒன்பதாவது கொடியை உரசிக்கிட்டு உள்ள விழுந்துச்சு. நான் மூச்சு விடல.

பத்தாவது. சாக்ஸ் அடிச்சாரு. பந்தை வெச்சாரு. மட்டை மேல போச்சு, எறங்குச்சு. டக்!

பந்து இருந்த எடத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாரு மனுஷன். கண்ணு நல்லா அகலமாத் தெறந்திருக்கு, தலை ஒரு இஞ்ச் அசையல. கை தட்டற சத்தம் மட்டும் கேக்குது.

"எங்க விழுந்துச்சு?"ன்னு தலை நிமிராமலே என்னைக் கேக்கறாரு.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் கண்ணை மூடிட்டேனே!" நெஜமாத்தான். மட்டை எறங்கும்போதே என் தலை தோளுக்குள்ள போயிருந்துச்சு. நான் அந்தக் கூண்டுல உக்காந்தது ஒரே ஒரு ரவுண்டு.

கோச் அம்மா எழுந்து வந்து கையை நீட்டினாங்க. "வண்டிச் சாவியைக் குடுங்க."

அவங்க நின்னது வலது பக்கம், மந்தக் காதுப் பக்கம். "என்ன மேடம்?"

"சாவி! இனிமே வண்டியை வேற ஆள் ஓட்டட்டும்!"

பாக்கெட்டுல கையை விட்டாரு. மொதல்ல ஒரு சாக்ஸ் வந்துச்சு, அப்புறம் சாவி. ரெண்டையும் சேர்த்தே குடுத்துட்டாரு.