சிவப்புத் துணி தைத்த கொங்காடை

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு பொறுக்காது. அதனால்தான் எழுதுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாகக் கூலி வேலை. போன வருஷம் வரை, கோர்ட்டுத் தீர்ப்புப்படி நான் ஒரு திருடி.

நடந்தது ஒரு மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. விடாத தூறல். மழை நாளில் நாங்கள் உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்வோம். கொங்காடை என்போம். தலையிலிருந்து இடுப்பு வரை மறைத்துவிடும். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்கு என்பதால் என்னுடையதின் முதுகுப் பக்கம் ஒரு சிவப்புத் துணியைத் தைத்திருந்தேன். வேலை இல்லாதபோது அதைக் கொட்டகையில் அவரவர் ஆணியில் மாட்டி வைப்போம். அவசரமாக வெளியே போகிறவர்கள் கைக்கு எட்டியதை எடுத்து மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் கிடைத்த ஆணியில் தொங்கவிடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் வழக்கம் அது.

அன்று ஸ்டோரிலிருந்து அரை மூட்டை மிளகு காணாமல் போனது. “செவப்புத் துணி தச்ச கொங்காடைங்க. ஸ்டெல்லாவேதானுங்க” என்று வாட்ச்மேன் பெருமாள் போலீசில் சொல்லிவிட்டார். அந்த நேரம் நான் கொங்காடையை ஆணியில் மாட்டிவிட்டு, கூரைக்குக் கீழே காப்பிப் பழம் கழுவும் தொட்டியில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். பார்த்தவர் ஒருவரும் இல்லை. மிளகு என் வீட்டில் அகப்படவில்லை, வேறு எங்கேயும் அகப்படவில்லை. ஆனாலும் கோர்ட்டில் பெருமாள் இன்னும் ஒரு படி மேலே போய், “மூஞ்சியவே பாத்தேனுங்க” என்றார். ஆறு மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனில் விட்டார்கள்.

வேலை போனது. சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, “எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லீரு ஸ்டெல்லா” என்றார். சிறையை நினைத்து அழாதவள் அன்று அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் எனக்குச் சந்தேகம் பிடித்தது. முதலில் சரோஜா மேல். என்னோடு வேலை செய்தவள், பக்கத்து வீட்டுக்காரி. அன்று நான் தொட்டியிலிருந்து திரும்பியபோது என் கொங்காடை அவள் ஆணியில் ஈரம் சொட்டத் தொங்கியது. எனக்கு அது போதாதா? அவளோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு நாள் தலையில் மூட்டையோடு முன்னால் போனவளைச் சரோஜா என்று எண்ணி, இன்று பிடித்துவிட்டேன் என்று பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனேன். மூட்டையை இறக்கியபோது பார்த்தால் அது சரோஜாவே இல்லை. கொட்டச்சேடு ஊர்க்காரி ஒருத்தி. மூட்டைக்குள் ஆட்டுத் தழை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

அடுத்தது என் வக்கீல். சட்ட உதவியில் கிடைத்த பெரியவர். பெருமாளிடம் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு கோர்ட் கேன்டீனில் போலீஸ்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். விலை போய்விட்டார் என்று முடிவு கட்டினேன்.

செபம் செய்யாமல் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட செபம்! ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. கோர்ட்டுக்குப் போகும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது ஒரு பெயரைச் சொல்லி, “ஆண்டவரே, இவனா பாரும், இவளா பாரும்” என்பேன். பெருமாள், சரோஜா, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், வக்கீல்... பதினாறாவது வளைவுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்த அக்காக்களைச் சேர்த்தேன். கடைசி வளைவுக்கு, வேதபாடம் சொல்லித்தரும் எங்கள் உபதேசியாரே வந்துவிட்டார். பாவம், அவர் எனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தவர்.

மேல்முறையீட்டுக்கு வேறொரு வக்கீல், சின்ன வயசுப் பெண். பழைய விசாரணைக் காகிதங்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏனுங்கக்கா, உங்க பழைய வக்கீல் நொம்ப நல்லாக் கேட்டிருக்காருங்க.”

“அவருங்களா?” என்றேன் வெறுப்போடு.

பெரியவரின் கேள்விகளையும் பெருமாளின் பதில்களையும் அவர் படித்துக் காட்டினார். எங்கே நின்றீர்கள்? ஸ்டோர் வாசலில். அந்தம்மா எந்தப் பக்கம் போனார்? கீழே ரோட்டுப் பக்கம். திரும்பிப் பார்த்தாரா? இல்லை. முகத்தைப் பார்த்ததாகப் போலீசில் சொன்னீர்களா? சொல்லவில்லை.

“மொதுகுப் பக்கம் நின்னவருக்கு, திரும்பாத ஆளோட மூஞ்சி எப்படிங்கக்கா தெரியும்? மொதத் தீர்ப்புல இதப்பத்தி ஒரு வரிகூட இல்லீங்க. நமக்கு இது போதும்.”

உண்மையான திருடனைக் காட்டும் என்று நான் ஆண்டவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவரோ நான் கேட்பதற்கு முன்பே, நான் திட்டித் தீர்த்த மனிதரின் வாயிலேயே என் விடுதலையை வைத்திருந்தார்.

தீர்ப்பு நாள் அன்று பஸ் முதல் வளைவில் திரும்பியது. பழக்கத்தில் வாய் திறந்தது. பெயர் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. முதுகை மட்டும் பார்த்துப் பெருமாள் என்னைத் திருடி என்றார். நான் ஈரச் சாக்கைப் பார்த்துச் சரோஜாவையும், ஒரு கிளாஸ் டீயைப் பார்த்து வக்கீலையும் தண்டித்திருந்தேன். “ஆண்டவரே, நான் பிடித்து வைத்திருக்கிற இருபது பேரையும் முதலில் விட்டுவிடுகிறேன். பிறகு என்னைப் பாரும்” என்றேன். இருபது வளைவுக்கும் அது ஒன்றே என் செபம்.

இந்த ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்க முடியாது என்று நீதிபதி சொன்னார். தண்டனை ரத்து. விடுதலை. என் வீட்டுக்காரர் கோர்ட் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பாக் கேட்டுட்டேன்” என்று தேம்பினார். பழைய வக்கீலைத் தேடிப்போய்க் கும்பிட்டேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை.

சரோஜா வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“நீ எம்மேல சந்தேகப்படறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சக்கா? உனக்கு விடுதலையாகோணும்னு சேர்வராயன் கோயிலுக்கு வேண்டியிருந்தேன். உங்க சாமி கோவிச்சுக்காதே?” என்றாள்.

எஸ்டேட்டில் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மிளகை எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆண்டவர் காட்டவில்லை. சந்தேகம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமாளைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதற்கும் செபிக்கிறேன். செய்யாத தப்புக்குப் பழி சுமப்பவர் உங்களில் யாராவது இருந்தால், தைரியமாக ஆண்டவரிடம் போங்கள். போகும்போது நீங்கள் மனசில் எழுதி வைத்திருக்கும் பெயர்களையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடமே விட்டுவிடுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு பல மாதம் என் கொங்காடையை ஆணியில் மாட்டவில்லை. மடித்து மடியிலேயே வைத்திருந்தேன். போன வாரம்தான் மாட்டினேன். மழை பிடித்தது. சரோஜா வெளியே போக எழுந்து கையை நீட்டினாள். கைக்கு எட்டியது சிவப்புத் துணி தைத்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எடுத்துப் போட்டுட்டுப் போ சாமி, நனையாத” என்றேன்.