சேன் யீ திருப்பி வைத்த படம்

எறும்பு கடித்தால் சேன் யீ தட்டிவிடமாட்டாள். சுருட்டு சுற்றுகிற கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். "கடிக்குது... கடிக்குது... எரியுது... இப்ப அரிக்குது..." என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். எறும்பு தன் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிப் போன பிறகுதான் இலை மறுபடி உருளும். பார்க்கிற நமக்குத்தான் உடம்பெல்லாம் பதறும்.

எங்கள் பகோக்கு ஊரில் ஆற்றங்கரைச் சாலையிலிருக்கிறது அந்தச் சுருட்டுக் கொட்டகை. பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் அவள் கடைசி. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கன்னத்தில் பூசிய சந்தன நிற மரப்பட்டைக் குழம்பு வியர்வையில் கரைந்து கழுத்து வரை கோடு விட்டிருக்கும். புகையிலைத் தூளை இலையில் பரப்பி, சோளத் தோகையை வாய்ப்பக்கம் வைத்து, உருட்டி, சோற்றுப் பசையை விரல் நுனியில் தொட்டு ஒட்டுவாள். எடுக்கிறேன், உருட்டுறேன், ஒட்டுறேன் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சொல். பாதி சுற்றிய சுருட்டை அவள் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து எண்ணெய்க் கடை பற்றி எரிந்து எல்லாரும் தலைதெறிக்க ஓடினார்களே, அன்றைக்கும் கையிலிருந்ததை ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஆச்சரியம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கொட்டகைப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏன்க்கா, உன் புருஷன் இன்னொருத்தியோட ஓடினப்பவும் 'ஓடுறான், ஓடுறான்'னு சொல்லிட்டு உக்காந்திருந்தியா?"

"இல்லடி. 'நிம்மதி, நிம்மதி'ன்னு சொன்னேன்" என்பாள், தலை நிமிராமல்.

இதற்குப் பாலியில் மனசிகாரம் என்று பெயர் என்பார் மடத்துப் பெரிய பிக்கு. எங்கள் பேச்சில், நெஞ்சில் வைப்பது. நேராக வைப்பதும் உண்டு, கோணலாக வைப்பதும் உண்டு. வைக்கிற பொருள் ஒன்றாகவே இருக்கலாம். சேன் யீக்கு இவ்வளவு நீளமாகப் பேச வராது. "மனசு எதையாச்சும் மென்னுக்கிட்டேதான் இருக்கும். என்னத்த மெல்லுதுன்னு வாயத் திறந்து பாக்கணும், அவ்ளோதான்" என்று, மண்ணைத் தின்ற குழந்தையின் வாயில் விரலை விட்டுத் துழாவுகிற மாதிரி காட்டுவாள்.

யாருக்காவது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் அவளுக்கு ஆள் போகும். கடைசியாக நெஞ்சில் நிற்பது எதுவோ அதன் வழியேதான் அடுத்த பிறவி. அதனால் படுத்திருப்பவர் கண்ணெதிரே பூ, பிக்குகள் உடுத்துகிற சீவரம், அவர் செய்த தானம் என்று நல்லதையே காட்டுவோம். கெட்ட சொல் ஒன்றுகூட அந்த அறைக்குள் நுழையக்கூடாது. அழுகிறவர்கள் வெளியே போய்த்தான் அழவேண்டும்.

என் வீட்டுக்காரர் ஊ லூன் மௌங் போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியோடு படுத்தார். எழுந்திருக்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அவர் செய்த பெரிய தானம், எங்கள் தெருவிலுள்ள புத்தர் கோபுரத்தின் உச்சியில் ஏற்றிய பொன் குடை. ஏற்றிய நாளில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். "அப்பா, குடைய நினைச்சுக்கோங்க, குடைய நினைச்சுக்கோங்க" என்று என் மகள் மியா தின் காலைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். பிக்குகள் ஓதிவிட்டுப் போயிருந்தார்கள். நல்லபடியாகப் போய்ச் சேருவார் என்று எனக்கு ஒரு தைரியம்.

சேன் யீ வந்தாள். புகையிலை வாடையோடு தலைமாட்டில் உட்கார்ந்தாள். படத்தை அவள் பார்க்கவேயில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், படத்தைக் கழற்றி, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

"அத்தே! என்ன பண்றீங்க? அதுதானே அப்பாவுக்கு வழி!" என்று மியா தின் எழுந்துவிட்டாள்.

"உங்கப்பா தாடையப் பாரு, இறுகிக் கெடக்கு. கையப் பாரு, மூடிக் கெடக்கு. குடையவா பாக்கிறாரு? கீழ இருக்கிற கல்லைப் பாக்கிறாரு."

கோபுரத்தடியில் நட்ட அந்தக் கல்லும் படத்தில் விழுந்திருந்தது; அதில் தானம் செய்தவர்களின் பெயர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோபுரத்துக்கு மணி மட்டும் வாங்கித் தந்த அவர் தம்பியின் பெயர் தம் பெயருக்கு மேலே வெட்டப்பட்டிருப்பதை, போகும்போதெல்லாம் விரல் வைத்துக் காட்டுவார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தம்பி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். நாங்கள் சொல்லி அனுப்பவில்லை.

சேன் யீ அவர் காதருகே குனிந்தாள். "அண்ணே, உள்ள என்ன இருக்கு?"

"அவன் பேரு... மேல..."

"கோவமா?"

"கோவம்."

"சரி. அதையே பாருங்க. கோவம், கோவம்."

உயிர் போகிற வாயில் அந்தச் சொல்லையா போடுவது? நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பாவி, வெளியே போடி! எம்புருஷன நரகத்துக்கு அனுப்பப் பாக்கிறியா?" அவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவரோ, குழந்தை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "கோவம்... கோவம்..." என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மியா தின் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப?"

"சூடு... நெஞ்சுல."

"இப்ப?"

அவர் நெற்றி சுருங்கியது, எதையோ தேடுகிறவர் போல. "மூச்சு."

"வருதா, போகுதா?"

"போகுது" என்றார். அப்புறம் வரவில்லை. விரல்கள் விரிந்து கிடந்தன.

ஏழாம் நாள் தானச் சோற்றுக்கு ஊரையே கூப்பிட்டேன், அவளைக் கூப்பிடவில்லை. மறுநாள் நானே கொட்டகைக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். பெண்கள் வம்பை நிறுத்திவிட்டார்கள்.

"எங்க போனாரு? சொல்லு."

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"தெரியாமத்தான் படத்தத் திருப்புனியா? அவ்ளோ பெரிய புண்ணியம் பண்ணினவரு, கோவம்னு சொல்லிட்டுப் போகணுமா? நான் சாகிற வரைக்கும் உன்ன மன்னிக்கமாட்டேன், கேட்டுக்கோ!"

சேன் யீ பாதி உருட்டிய சுருட்டைக் கீழே வைத்தாள். இலை பிரிந்து தூள் பாயில் கொட்டியது. விரல் நுனியில் பசை காய, நிமிர்ந்து என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.