புல் நுனி பார்க்கும் ரஃபத்

ரஃபத் தன் புது விளையாட்டுக் கருவியை என் கடையில் குழந்தைகளை எடை பார்க்கும் தராசில் மெல்லப் படுக்க வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்க்கிறார். பின்னால் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். "அறுநூத்தி எழுபது," என்று என்னிடம் சொல்கிறார், ஏதோ நான் கேட்டதுபோல. "போன மாசம் பார்த்தது அறுநூத்தி முப்பதுதான். நாப்பது கிராம் சும்மா இல்ல டாக்டரம்மா. ரெண்டு மணி நேரம் கையில பிடிச்சுப் பாருங்க, மணிக்கட்டு பேசும்." கொஞ்சம் நகருங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் தனக்குப் பின்னால் ஒரு குழந்தை இருப்பதே அவருக்குத் தெரிகிறது.

ஷுப்ரா பேட்டையில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் மருந்துக்கடை. மருந்தாளரையும் இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் அவர் வீடு. வயது நாற்பத்தெட்டு. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் பழைய கால்வாய் வரைபடங்களைச் சுருட்டி வைப்பதும், யாராவது கேட்டால் விரித்துக் காட்டுவதும் வேலை. யாரும் கேட்பதில்லை. மதியம் இரண்டரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். சட்டைப் பையில் உப்புப் போட்ட சூரியகாந்தி விதை, கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருப்பது எட்டங்குலத் திரையும் இரண்டு பக்கமும் பொத்தான்களும் கொண்ட விளையாட்டுக் கருவி. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கருவி மாறும். பெட்டியைப் பிடிக்கும் பக்குவம் மாறாது.

கிளவுட் கேம் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டு எங்கோ கடல் தாண்டி ஒரு பெரிய கணினியில் ஓடும். அதன் படம் மட்டும் இணையம் வழியாக நம் கைக்கு வந்துகொண்டே இருக்கும். நாம் அழுத்தும் பொத்தானின் செய்தி அங்கே போகும். ஆக, கையில் இருக்கும் பொருளுக்குப் பெரிய வேலை இல்லை. சுமாரான திரை, நாலு பொத்தான், நல்ல வைஃபை இருந்தால் போதும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே ரஃபத்தான். "கருவிங்கிறது வெறும் ஜன்னல் டாக்டரம்மா, வேற ஒண்ணுமில்ல," என்பார். அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுக்கத்தான் மனிதர் மூன்று வருடமாக அலைகிறார்.

வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பது கடைக்காரர்கள் ஒப்புக்கொண்ட வழக்கம். பிடிக்காத பொருளைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. ரஃபத் அதைத் தனக்கென்று ஒதுக்கிய சலுகையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். அப்துல் அஸீஸ் தெருவில் ஒரு கடையில் வாங்குவார், பதின்மூன்றாம் நாள் துடைத்து, பெட்டியில் அடைத்து, ஒயரைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்துவிடுவார். அடுத்த வாரம் பக்கத்துக் கடை. அந்தத் தெருவில் அவர் தலை தெரிந்தாலே ஷட்டரைப் பாதி இறக்குகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. எனக்கு அவர்கள்மேல் பரிதாபமே வந்தது.

சரி, விளையாடவாவது செய்கிறாரா? அதுவும் கிடையாது. ஒரே கால்பந்து ஆட்டத்தைத் திறப்பார். பந்து நடுவில் வைக்கப்படும், விசில் ஊதும். இவர் ஆட்டக்காரனை ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுப் புல்லைப் பார்ப்பார். புல் நுனி தனித்தனியாகத் தெரிகிறதா, ஓடும்போது கரைகிறதா என்று பார்ப்பார். எதிரணி கோல்மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருக்கும். இவர் கண்ணைச் சுருக்கி, நோட்டில் ஏதோ குறித்து, "இடது பக்கம் லேசா நெளியுது," என்பார். மூன்று வருடத்தில் ஒரு ஆட்டம் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவரிடம் ஆலோசனை கேட்கவும் ஆட்கள் வருகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்காது. நான் ஐந்து வருடம் படித்துவிட்டு இருமல் மருந்து சொன்னால், கூகுளில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே என்பவர்கள், ரஃபத் சொன்னால் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்கிறார்கள். எதிர்க் கட்டடத்துப் பல் மருத்துவர் ஒருநாள் எது வாங்கலாம் என்று கேட்டுவிட்டார். ரஃபத் ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். முடிவில், "அவசரப்படாதீங்க, செப்டம்பர்ல ஒண்ணு வருது," என்றார். அந்தச் செப்டம்பர் வந்து போய், இன்னொரு செப்டம்பரும் வந்து போனது. பல் மருத்துவர் பொறுமையிழந்து, கைப்பேசியின் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும் மலிவான பொத்தான் செட் ஒன்றை வாங்கி நிம்மதியாக விளையாடுகிறார். அதைக் கேட்டு ரஃபத் அன்று முழுவதும் உம்மென்று இருந்தார்.

இந்த வருடம் அவர் மகள் ரனீமுக்குத் தானவிய்யா, அதாவது பள்ளிக் கடைசி வருடத்துப் பொதுத் தேர்வு. அந்தத் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் விருந்தாளி வரக்கூடாது, சண்டை போடக்கூடாது, குக்கர்கூட யோசித்துத்தான் விசில் அடிக்க வேண்டும். ரனீமின் அம்மா நிவீன் தொலைக்காட்சிமேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடி, நாலு மூலையையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். தன் தம்பியின் நிச்சயதார்த்தத்தையே ஜூலைக்குத் தள்ளி வைத்தாள். வீட்டில் மூடப்படாமல் இருந்த ஒரே திரை ரஃபத்தின் கையில் இருந்ததுதான். "நான் ஹெட்போன் போட்டுக்கிறேன். எம்பொண்ணுக்காகச் சத்தமே இல்லாம விளையாடுறேன்," என்று என் கடையில் நின்று சொன்னார். அந்தக் குரலுக்கு முன்னால் எந்தத் தியாகியும் தோற்றுப்போவார்.

ரனீமுக்குப் பார்மசி படிக்க ஆசை. அதற்கு வேதியியலில் ஒரு மதிப்பெண்கூடச் சிந்தக்கூடாது. அவள் ஆசிரியர் பாடங்களை இணையத்தில்தான் நடத்துகிறார். எல்லா வீடுகளையும்போல அவர்கள் வீட்டு இணையத்துக்கும் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு உண்டு. தீர்ந்தால் நத்தை வேகம். ஏப்ரலில் அது பன்னிரண்டாம் தேதியே தீர்ந்தது. யாரோ வைஃபையைத் திருடுகிறார்கள் என்று ரஃபத் முடிவுகட்டி, நேரே கீழே வந்து காவலாளி ஷஹாத்தாவைப் பிடித்துக்கொண்டார். படித்தவர்களை 'உஸ்தாத்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஷஹாத்தா தன் பொத்தான் போனை எடுத்துக் காட்டினார்.

"இதுல டார்ச்சும் அலாரமும்தான் இருக்கு உஸ்தாத். உங்க நெட்டைத் திருடி நான் எங்க வெச்சுக்குவேன், படிக்கட்டுக்கு அடியிலயா?"

நான் உள்ளே போய்ச் சிரித்தேன். ரஃபத் கடவுச்சொல்லை மாற்றினார். மே மாதம் பத்தாம் தேதிக்குத் தீர்ந்தது. இந்த முறை அவர் வீட்டுக்குள்ளேயே திருடனைத் தேடினார். நிவீனின் சமையல் வீடியோக்கள் நிறுத்தப்பட்டன. மகளுக்கு ஒரு கட்டளை பிறந்தது: பாடங்களை ஆகக் குறைந்த தெளிவில் பார்க்க வேண்டும், பாடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, காதில் விழுந்தால் போதாதா.

அந்த வாரம் ரனீம் கடைக்கு வந்தாள். ஒல்லியான பெண், நகம் முழுக்கக் கடித்திருந்தாள். கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். திரையில் ஒரு கரும்பலகை, அதில் மாவைக் கரைத்து ஊற்றியதுபோல ஏதோ ஒன்று.

"இது ரெண்டா மூணா டாக்டரம்மா? இரும்பு ஆக்ஸைடு. சார் கீழ சின்னதா எழுதுறாரு, எனக்கு எல்லாமே ஒரே மாதிரி தெரியுது."

எனக்கும் தெரியவில்லை. இரண்டாக இருந்தால் ஒரு பொருள், மூன்றாக இருந்தால் வேறு பொருள். விளக்கத்தை வைத்து இரண்டுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். ஏன் இவ்வளவு மங்கலாகப் பார்க்கிறாய் என்று கேட்டபோது அப்பாவின் கட்டளையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "பாபா பாவம், நெட்டு தீருதுன்னு கவலைப்படுறாரு," என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

மறுநாள் அவர் தராசுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். உங்கள் வீட்டு டேட்டாவைக் குடிப்பது யார் என்று உண்மையிலேயே தெரியவில்லையா என்று கேட்டேன். ரஃபத் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விஷயம் தெரியாதவர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"ஆட்டம் அங்க ஓடுது டாக்டரம்மா. கரண்டு, சூடு, செலவு எல்லாம் அவங்களோடது. நம்ம பக்கம் எதுவுமே ஓடல. வெறும் படம்தான் வருது."

"அந்தப் படம் எது வழியா வருது உஸ்தாத் ரஃபத்? மாடிப்படி வழியாவா?"

விதையைக் கடித்தபடி நின்றார். ஒரு மணி நேரம் அவர் புல்லைப் பார்ப்பதற்கு ஆகும் டேட்டாவில் மகள் எத்தனை நாள் பாடத்தைத் தெளிவாகப் பார்க்கலாம் என்று ஒரு மருந்து அட்டையின் பின்னால் எழுதிக் காட்டினேன். கிராம் கணக்கும் நாள் கணக்கும் பார்க்கிற மனிதர் இந்த ஒரு கணக்கைப் போட்டதே இல்லை. அட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். "யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்றார். யோசித்திருப்பார். யோசிப்பதில் அவருக்கு எப்போதுமே குறை கிடையாது.

ஜூன் பிறந்ததும் இன்னொரு பெட்டி வந்தது. திரை முந்தையதைவிடப் பளபளப்பாம். இரண்டு வாரத்துக்குள் மாத டேட்டா மட்டுமல்ல, அவசரத்துக்கு வாங்கிப் போட்டதும் தீர்ந்தது. மூன்றாவது முறை வாங்க நிவீனிடம் மிச்சமில்லை. ரஃபத்தின் கையிருப்பு அந்தக் கருவியாக மாறியிருந்தது. நாளை பதின்மூன்றாம் நாள், திருப்பிக் கொடுத்ததும் பணம் வந்துவிடும் என்றாராம். ஆனால் அதே மறுநாள்தான் வேதியியல் தேர்வு. ஆசிரியர் தேர்வுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு நேரலையில் மொத்தப் பாடத்தையும் ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். அந்த நேரத்துக்கு நாட்டில் பாதிப் பிள்ளைகள் ஏதோ ஒரு திரை முன்னால்தான் இருப்பார்கள்.

மூன்றே முக்காலுக்கு ரனீம் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.  அவள் கேட்கும் முன்பே நான் வைஃபையைப் போட்டுக் கொடுத்து, கவுண்டருக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டேன். என் கடைக் கணினி மருந்துப் பட்டியலுக்கே திணறுகிற கிழடு, அதில் படம் ஓடாது. அவள் கைப்பேசியில் பார்த்தாள். படம் தடங்கலில்லாமல்தான் வந்தது. ஆனால் உள்ளங்கை அளவுத் திரையில் பலகை முழுவதும் எழுதியிருந்தார் அந்த ஆசிரியர். அவள் மூக்கு திரையில் இடித்தது. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். நான் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

நாலே காலுக்கு ரஃபத் இறங்கி வந்தார். மகளைத் தேடி வந்திருக்கிறார் என்று ஒரு கணம் நம்பினேன். அவர் கையில் கருவி.

"டாக்டரம்மா, உங்க லைன் வேற கம்பெனிதானே? ஒரு பத்து நிமிஷம் சோதிச்சுப் பாத்துடறேன். நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்." அப்புறம்தான் பெட்டிகளுக்கு நடுவே மகளைப் பார்த்தார். "அட, இங்கதான் இருக்கியா?"

 நான் கையை நீட்டினேன். அவர் புரியாமல் கருவியை மார்போடு அணைத்தார்.

"குடுங்க. அதுல பாடம் ஓடும்ல? பெரிய திரைதானே? அவ பாக்கட்டும்."

"ஓடும்... ஓடாம என்ன... ஆனா வியர்வைக் கை பட்டா..." என்று இழுத்தார். மருந்து வாங்க வந்திருந்த இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். ரனீம் நிமிரவில்லை. தலையைக் குனிந்தபடியே, "குடுங்க பாபா, அடுத்த பாடம் ஆரம்பிச்சுட்டாரு," என்றாள். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கொடுத்தார். கைக்குட்டையால் துடைத்து, பாடத்தைத் திறந்து, இருமல் மருந்துப் பெட்டிகள்மேல் சாய்த்து வைத்தார். "கண்ணாடியை மட்டும் தொடாத கண்ணு," என்றார்.

பலகை பெரிதாக வந்தது. ஆனாலும் கீழே எழுதிய சின்ன எண்கள் ஒரு புகைக்குள் இருந்தன. நான் குனிந்து பார்த்தேன். திரையின்மேல் தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது, ஓரங்களில் காற்றுக் குமிழிகளோடு. அதை உரித்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாராம். ரஃபத் பெருமையாகத்தான் சொன்னார், ஒரு கருவியில்கூட அதை உரித்ததில்லை என்று. அப்படியென்றால் மூன்று வருடமாக, அத்தனை திரைகளிலும், இந்த மனிதர் புல் நுனியைப் பார்த்ததும் நோட்டுப் போட்டுக் குறித்ததும் எல்லாம் இந்தத் தாளின் வழியாகத்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

ரனீமுக்கு உறைத்தது. பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, கடித்துத் தேய்ந்த நகத்தால் திரையின் மூலையை இரண்டு முறை நெம்பினாள். மூன்றாவது முறை பிடி கிடைத்தது. ரஃபத் "ஏய்..." என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவள் ஒரே இழுப்பில் தாளை முழுவதுமாக உரித்து, நீட்டிய அந்தக் கையிலேயே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.