குடியை விட்டவரோடு வைன் தோட்டங்களுக்கு

டென்மார்க்கில் வைனா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது. கலுண்போ நகரத்தைத் தாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ரோஸ்னேஸ் முனையில் சரிவு சரிவாகத் திராட்சைத் தோட்டங்கள். இந்தச் செப்டெம்பரில் இரண்டு நாள் சைக்கிளில் சுற்றி வந்தோம். ஆனால் நாங்கள் ஆசைப்பட்டுப் போன பயணமில்லை. என் கணவர் ராஜனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒடென்சேயில் அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் தந்த பரிசு. இரண்டு தோட்டங்களில் வைன் சுவைக்கலாம், ஓர் இரவு தங்கலாம். அவர் குடியை விட்டு எட்டு மாதம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"வேண்டாமெண்டு சொல்லலாம்தானே?" என்றேன்.

"சொன்னா ஏன் எண்டு கேப்பாங்கள். பிறகு முழுக்கதையும் சொல்ல வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடந்த மாரியில் குடிவெறியில் படிக்கட்டில் விழுந்து கிடந்தவரைத் தூக்கியவள் நான். இனியொருக்கா எண்டா நான் இந்த வீட்டில இருக்கமாட்டன் என்று அன்று சொன்னதை, அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

ஒடென்சேயிலிருந்து காலை எட்டு மணி ரயில். ரோஸ்கில்டேயில் மாறி, பதினொன்றுக்கு முன்பே கலுண்போவில் இறங்கிவிடலாம். சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் பதிந்துவிடுங்கள். அங்கிருந்து முனையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு வரை பதின்மூன்று கிலோமீட்டர் சொச்சம். டென்மார்க் தட்டையான நாடு என்று சொன்னவர் யாரும் இங்கே எதிர்க்காற்றில் மிதித்துப் பார்க்கவில்லை. வழி முழுக்க நான் அவருக்குப் பின்னால்தான் போனேன். எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதல் தோட்டத்தில், வருத்தத்துக்குக் குளிசை மருந்து எடுக்கிறேன் என்று பொய் சொல்லித் தப்பினார். எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது தோட்டத்தின் சொந்தக்காரி சேற்றுச் சப்பாத்தோடு வந்து, குருவிகள் தின்னாதபடி வலை போட்ட வரிசைகளைக் காட்டினார். வெளியே போட்டிருந்த மேசையில் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டு, அடுத்த போத்தலை எடுக்க உள்ளே போனார். நான் கழிப்பறைக்குப் போய்வந்தேன். திரும்பி வரும்போது ராஜன் தனியே இருந்தார். அவருடைய கிளாஸ் வெறுமையாக இருந்தது.

கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "எங்கை அது?"

"புல்லுக்குள்ளை ஊத்திப்போட்டன்."

புல் ஏற்கெனவே மழையில் நனைந்து கிடந்தது. எதைப் பார்த்து நம்புவது?

"ஊதிக் காட்டட்டோ?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்ததோ "ஓம்".

ஊதினார். வழியில் வாங்கிய லக்ரிஸ் என்ற அதிமதுர மிட்டாயின் மணம் மட்டும்தான். ஐம்பது வயது மனிதரை ஊதச் சொன்னேனே என்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சொந்தக்காரி போத்தலோடு வந்தபோது ராஜன் எழுந்து டேனிஷில் சொன்னார்: "நான் குடிக்கிறதில்லை. துவங்கினா நிப்பாட்டத் தெரியாது."

ஒரு கிளாஸ்தானே என்று சொந்தக்காரி சொல்லப் போகிறார் என்று பயந்தேன். நம்முடைய கொண்டாட்டங்களில் யாராவது சொல்லாமல் விடுவார்களா? அவரோ "அப்படியா" என்றார். போத்தலை மூடிவிட்டு, அதே மாதிரிக் கிளாஸில் திராட்சைச் சாறு கொண்டுவந்தார். அவ்வளவுதான்.

அந்தக் கிளாஸோடு எங்களைப் படமும் எடுத்துத் தந்தார். ராஜன் அதை வேலையிடத்துக் குழுவுக்கு அனுப்பினார், கீழே அதே இரண்டு வசனங்களையும் எழுதி. "திங்கள் கோப்பி என்னோடை" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: கியர் உள்ள சைக்கிள் கொண்டுபோங்கள், காற்றுத் தாங்கும் சட்டையை மறக்காதீர்கள். குடிக்காதவர்கள் முதல் தோட்டத்திலேயே சாறு இருக்கிறதா என்று கேளுங்கள், பொய் வேண்டாம்.

இயற்கைக் காட்சிப் படங்கள் எங்கே என்று கேட்பீர்கள். முதல் நாள் நான் எடுத்ததெல்லாம் ராஜனின் முதுகும் கிளாஸும்தான். அடுத்த நாள் காலை வெளிச்சவீட்டுக்குப் புறப்படும்போது, "இண்டைக்கு நீர் முன்னாலை போம்" என்றார். போனேன். அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் கடல் இருப்பதை அப்போதுதான் கண்டேன்.