காதரின் மூத்திரம் பச்சையான கதை

லேப் டெக்னீஷியன் வேலை என்பது ஊரார் மூத்திரத்தை வாங்கிக்கொண்டு, கூடவே திட்டும் வாங்கிக்கொள்வது. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பையனுக்கு இல்லாத கோளாறை இருப்பதாக எங்கள் லேப் சொல்லிவிட்டது. நடந்த தப்பு அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மெட்ராஸிலிருந்து வாராவாரம் ஒரு டாக்டரம்மா வருவார். பேசாத, முகம் பார்க்காத பிள்ளைகளைப் பார்ப்பார். ஆட்டிசம் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான் சொன்னார். அதில் சில பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் ஏதோ ஒன்று உடம்பில் சேராமல் மூளையைக் கெடுக்குமாம், அது மூத்திரத்தில் தெரியுமாம். நான் ஃபெர்ரிக் குளோரைடு என்கிற இரும்பு மருந்தைச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பச்சையானால் வம்பு.

ஒரே ரத்தம்

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருத்தர் பாட்டில் நிறையக் கொண்டுவந்தார். நாலு வயசுப் பிள்ளை இவ்வளவா போகும்? அதட்டினேன்.

"பையன் தரமாட்டேன்றான் சார். அவனைப் பெத்தவன் நான்தானே? உள்ள ஓடுறது ஒரே ரத்தம்தானே?"

ஒரு சிட்டிகை

இன்னொரு பாட்டிலின் அடியில் சாம்பல். சொட்டு விட்டேன், சேறாகிவிட்டது. கொண்டுவந்த அம்மாவை முறைத்தேன். அந்தம்மா என்னைத் திருப்பி முறைத்தது.

"நல்ல ரிசல்ட் வரணும்னு அண்ணாமலையாரை வேண்டிக்கினு துண்ணூறு போட்டேன். நீங்க மட்டும் மருந்து போடலாமா?"

பாலும் பன்னும்

பூட்டுக்கடை பாயின் மகன் காதர். ஆறு வயசு. அம்மா ஜெய்புன் கூட்டிவருவாள். எப்போது பார்த்தாலும் கரும்பச்சை. டாக்டரம்மா பால், முட்டை, கறி, பருப்பு, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பையன் உலகத்தில் தின்றதே பாலில் நனைத்த பன் ஒன்றுதான். ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் கிண்ணம் பறந்தது. பையனுக்கு எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஜெய்புன் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"வியாதி அவனை ஒண்ணும் பண்ணல சார். உங்க கஞ்சிதான் கொல்லப்போவுது."

பழுப்பு பாட்டில்

லேப் பாட்டில் கொடுத்தால் காதர் தூக்கி எறிவான். வீட்டிலிருந்து ஒரு பழுப்பு பாட்டில் வரும். அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவான். அவன் சுபாவம் என்று நானும் விட்டுவிட்டேன். டாக்டரம்மாவும் விட்டுவிட்டார்.

"வேற எதைக் காட்டினாலும் டவுசர்லதான் போவான் சார். தொடைச்சுக்கினு நிக்கறது நான், நீங்க இல்ல."

காதரின் டெஸ்ட்

யார் முகத்தையும் பார்க்காத பையன் நான் சொட்டு விடுவதை மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பான். பச்சை வந்தால் கைகளை உதறிக் குதிப்பான். டாக்டரம்மா வந்திருந்த ஒரு நாள், குதித்து முடித்ததும் காலியான தன் பழுப்பு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினான். தண்ணீர் பிடித்துக் குலுக்கி, ஒரு புது டியூபில் ஊற்றி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "போடா" என்றேன். விடவில்லை. சனியன் தொலையட்டும் என்று சொட்டு விட்டேன்.

வெறும் தண்ணீர். மூத்திரத்தில் வந்த அதே கரும்பச்சை.

"ஏம்மா, இதுல முன்ன என்ன வச்சிருந்த?"

"கடுக்காய் கஷாயம். வயித்துக்குக் குடுத்தது. கழுவினா வாசனை பூடும்னு கத்துவான், அதான் கழுவறதே இல்ல."

கடுக்காயில் இரும்பு மருந்து பட்டால் கறுக்காமல் என்ன செய்யும்? டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு புது பாட்டிலின் வெளிப்பக்கம் மட்டும் கஷாயம் தடவச் சொன்னார். காதர் முகர்ந்தான். திருப்தி. போனான். சொட்டு விட்டோம், மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பச்சை வரவில்லையே என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. அந்தக் கடையிலிருந்தே பாலும் பன்னும் வந்தது. ஜெய்புன் ஊட்ட ஊட்ட, மூன்று பன் உள்ளே போயிற்று. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"வெறும் பாட்டிலையும் ஒரு தடவை பார்க்கணும்னு இந்த லேப்ல ஒருத்தனுக்குத்தான் தோணியிருக்கு."

பையன் அதற்குப் பிறகும் பேசவில்லைதான். ஆனால் பேசிப் பேசியே அவனைப் பட்டினி போட்ட எங்களைத் திருத்தியவன் பூட்டுக்கடை பாய் மகன் காதர்.