ஐந்தாவது கட்டை பேசாத மூன்று வருடங்கள்

வெங்காய மணமும், புதுச் சாமான் பெட்டிக்குள் அடைத்து வருகிற வெள்ளை ரெஜிபோமின் மணமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். அதில் நானும் ஒருவன்.

சுன்னாகத்தில் கண்ணனின் மாமாவுக்கு ஒரு வெங்காயக் கடை. அதன் பின்னறையில்தான் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை, ஞாயிறு பின்னேரங்களில். கண்ணன் ட்ரம்ஸ். குருநகர் யூட் பேஸ் கிற்றார். பாட்டுக்கு வசந்தி அக்கா, சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருவார். நான் கீபோட்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும்... அன்றைக்குத்தான் புது சிந்தசைசர் வந்தது. நானும் யூட்டும் கொழும்பில் வாங்கி, ரயிலில் இரண்டு பேரின் மடியிலும் குறுக்கே படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். வழியில் ஒருவரும் மூத்திரத்துக்குக்கூட எழும்பவில்லை.

நாலு பேரும் சேர்ந்து வாங்கிய சாமான் என்பதால் நாலு பேருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பெட்டியைத் திறந்து வயர் கொழுவியதும் யூட் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டான்.

"ஐசே, சத்தம் மெல்லிசு. பழசின்ரை தடிப்பு இதிலை இல்லை. பிளாஸ்ரிக் வாளியிலை தட்டின மாதிரிக் கிடக்கு."

கண்ணனுக்கு வேறு கவலை. அதற்குள் இருந்த தவில் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகம் கறுத்துப்போனது. "சத்தம் திறம்தான். ஆனா இதை நீர் வாசிச்சா நான் எதுக்கு? வெங்காயம் உரிக்கவோ?"

யூட் விடவில்லை. "பழசிலை நீர் வாசிக்கேக்கை ஒரு இடைவெளி வரும் பாரும்... மூச்சு விடுற மாதிரி. அது இந்த மெசினுக்கு வராது."

நான் வயரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் அந்த இடைவெளியின் கதை எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னர், ஒரு கலியாணவீட்டில், பழைய கீபோட்டில் ஒரு கிளாஸ் நெல்லிரசத்தைக் கொட்டியவன் நான். துடைத்துக் காயவைத்தேன். எல்லாம் வேலை செய்தது, நடுவில் ஒரே ஒரு கட்டையைத் தவிர. ஐந்து கட்டைச் சுருதிக்கு ஆதாரமான கட்டை. அமத்தினால் சத்தமே இல்லை. ரேடியோ திருத்துகிறவர் இதற்குச் சாமான் வராது என்று கையை விரித்துவிட்டார். சுருதி மாற்றுகிற பட்டன் அதற்கு முதலே செத்துப் போயிருந்தது.

குழுவிடம் சொல்ல வெட்கம். அந்தக் கீபோட்டை ஒருவரையும் தொட விடாதவன் நான்... யாராவது பக்கத்தில் தேத்தண்ணி வைத்தாலே சத்தம் போடுவேன்.

வசந்தி அக்கா அதுவரை பாடியது ஐந்து கட்டையில். நான் அன்றிலிருந்து பேசாமல் எல்லாப் பாட்டையும் ஒரு படி மேலே, ஆறுக்கு ஏற்றிவிட்டேன். அப்படியும் சில பாட்டில் அந்தக் கட்டை வரும், அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாண்டுவேன். அக்காவுக்குக் கட்டைக் கணக்கெல்லாம் தெரியாது, நான் கொடுக்கும் சுருதியைப் பிடித்துப் பாடுவார். யூட் கேட்டதற்கு, "ஆறிலைதான் அக்கான்ரை குரல் எடுப்பாக் கிடக்கு" என்றேன். அவனும் காதைச் சாய்த்துக் கேட்டு, "ஓம் ஐசே, பளிச்செண்டு கிடக்கு" என்று முத்திரை குத்திவிட்டான்.

மூன்று வருடம். சரணத்தில் மேலே போகிற இடமெல்லாம் அக்காவின் குரல் கீறத் தொடங்கியது. மிளகுத் தண்ணி குடித்தார். ஐஸ்கிறீமை விட்டார். கடைசியில், இந்தப் புதுப் பெட்டி வருவதற்கு முதல் கிழமை, "எனக்குக் குரல் முடிஞ்சுது. இந்தச் சீசனோடை நிப்பாட்டுறன், வேறை பிள்ளையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இவர்கள் தடிப்பு மெல்லிசு என்று சண்டை பிடிக்க, என் விரல் தானாகவே அந்த ஐந்தாவது கட்டையில் போய் நின்றது. அமத்தினேன். சத்தம் வந்தது! திருப்பி அமத்தினேன். மூன்று வருடமாகப் பேசாதிருந்த ஒருவர் "என்னடாப்பா" என்று கேட்டதுபோல இருந்தது. சந்தோசத்தில் அதிலேயே சுருதி பிடித்து அக்காவின் பாட்டொன்றைத் தொடங்கிவிட்டேன்.

அக்கா கதிரையில் இருந்தபடியே பாடினார். சரணம் வந்தது. மேலே போனார்... ஒரு கீறலும் இல்லை. குரல் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா பாதியில் நிறுத்தி, தொண்டையில் கை வைத்தார்.

"இதென்ன தம்பி, இண்டைக்கு இவ்வளவு சுகமாக் கிடக்கு?"

யூட் தன் கிற்றாரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஐசே... நீர் அஞ்சிலை எல்லோ வாசிக்கிறீர்?"

இனி ஒளிக்க இடமில்லை. நெல்லிரசத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு.

அக்கா எழும்பி வந்தார். "மூண்டு வருசம்! உம்மடை ஒரு கட்டைக்காண்டி நான் தொண்டையைக் கிழிச்சனான். வீட்டிலை இருந்து எத்தினை நாள் அழுதிருப்பன் தெரியுமோ உமக்கு?" என்றவர், மூலையில் கிடந்த வெங்காயத் தாளால் என் முதுகில் நாலு போட்டார். நல்லாய்த்தான் போட்டார். ஐந்தாவதுக்குக் கையோங்கும்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தபடி அழுதார். நானும் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

கண்ணன்தான் கடைசியில் கேட்டான்: "யூட், அப்ப அந்த மூச்சு விடுற இடைவெளி?"

யூட் ஒரு மாதம் அபிப்பிராயம் சொல்லவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது மூன்றாவது சிந்தசைசர். வட்ஸ்அப் குழுவில் பொடியங்கள் இரவு பகலாக அடிபடுகிறார்கள்... எதன் சத்தம் சூடு, எது குளிர், எது கொடுத்த காசுக்குப் பெறுமதி என்று. என்னிடமும் கேட்கிறார்கள். நான் கடைக்குப் போனால் முதலில் ஐந்தாவது கட்டையை அமத்திப் பார்ப்பேன், மற்றதெல்லாம் பிறகு.

வசந்தி அக்கா நிப்பாட்டவில்லை. போன மாதமும் நீர்வேலியில் ஒரு கலியாணவீட்டில் பாடினார். மைக்கைக் கையில் எடுத்ததும், இத்தனை வருடப் பழக்கத்தில், முதலில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அஞ்சு இருக்கோ?"

"ஓம் அக்கா, இருக்கு. பாடுங்கோ."